நல்ல செல்லுக்கும் அதே வளையம்

2023 ஆகஸ்ட் முதல் வாரத்தில், கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வு மருத்துவமனையிலிருந்து கிளம்பிய ஒரு செய்தி உலகம் முழுக்கப் பரவியது. எல்லா வகைத் திடக் கட்டிகளையும் அழித்துவிட்டு, நல்ல செல்களைத் தொடாமல் விடும் மாத்திரை வந்துவிட்டது என்பது அதன் சாரம். மாத்திரையின் பெயர் ஏஓஎச் 1996. லிண்டா மால்காஸ் தலைமையிலான குழு ‘செல் கெமிக்கல் பயாலஜி’ இதழில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைக் குறைசொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை, அது கவனமாகச் செய்யப்பட்ட வேலை. ஆனால் அதில் இருந்த முடிவுகளெல்லாம் ஆய்வகத்தில் வளர்த்த செல்களிலும் விலங்குகளிலும் கிடைத்தவை. மனிதர்களிடம் முதல் கட்டப் பரிசோதனை அப்போதுதான் தொடங்கியிருந்தது. தலைப்புகளைப் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இருக்கவில்லை. மனிதர்களிடம் சோதித்த முடிவு கையில் இல்லாத எதையும் ‘புற்றுநோய்க்கு மருந்து’ என்று பத்திரிகைகள் தலைப்பிடக் கூடாது என்கிறேன். அதற்கான வலுவான காரணம் அந்த மாத்திரை குறிவைக்கும் புரதத்திலேயே இருக்கிறது.

பிசிஎன்ஏ என்ற அந்தப் புரதம் கண்ணில் பட்டதற்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இல்லை. 1978-இல் மியாச்சி, ஃப்ரிட்ஸ்லர், டான் ஆகிய மூவரும் லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சிலருடைய ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள்கள், பெருகிக்கொண்டிருந்த செல்களின் உட்கருவில் போய் ஒட்டின, ஓய்ந்திருந்த செல்களை விட்டுவிட்டன. அவை ஒட்டிய பொருள் என்ன வேலை செய்கிறது என்பது பிடிபட மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸ் டெல்டா என்ற நொதிக்குத் துணை நிற்பது இதுதான் என்று 1987-இல் தெரிந்தது. அந்த நொதியைத் தனியே விட்டால், கொஞ்சம் எழுத்துகளைக் கோத்ததும் இழையை விட்டு விழுந்துவிடும். பிசிஎன்ஏவோ ஒரே மாதிரியான மூன்று துண்டுகள் சேர்ந்த வளையம். ஒவ்வொரு துண்டிலும் 261 அமினோ அமிலங்கள். நடுவில் உள்ள துளை டிஎன்ஏவின் தடிமனைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிக அகலம் என்பதால், கையில் தளர்வாகப் போட்ட வளையலைப் போல வளையம் வழுக்கிக்கொண்டே நகரும், ஆனால் கழன்று விழாது. நொதியை அது தன்னோடு பிடித்துக்கொள்ள, ஆயிரக்கணக்கான எழுத்துகள் தடைபடாமல் நகலாகின்றன. இரண்டு இழைகளில் ஒன்று, சுமார் இருநூறு எழுத்து நீளமுள்ள சிறு துண்டுகளாகத்தான் நகலாகும். ஒரு மனிதச் செல் ஒருமுறை பிரிவதற்கு அப்படிக் கோடிக்கணக்கான துண்டுகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் வளையம் மாட்டப்பட வேண்டும். இந்தத் துண்டுகளைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானின் ஒகசாகி தம்பதி. ஹிரோஷிமாவில் பிறந்து வளர்ந்த ரெய்ஜி ஒகசாகி 1975-இல், 44 வயதில், ரத்தப் புற்றுநோய்க்குப் பலியானார்.

எல்லாச் செல்லும் பிரிவதற்கு வேண்டிய இந்த வளையத்தைக் குறிவைத்து மருந்து செய்வதில் உள்ள சிக்கலைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. எலும்பு மஜ்ஜை நாள்தோறும் கோடானுகோடி ரத்த அணுக்களை உண்டாக்குகிறது. குடலின் உட்படலம் சில நாள்களுக்கு ஒருமுறை முழுதாகப் புதுப்பிக்கப்படுகிறது. அங்கெல்லாம் இதே வளையம்தான் ஓடுகிறது. கீமோ எடுத்தவருக்கு ஏன் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, வெள்ளணுக்கள் குறைகின்றன என்பது பல வீடுகளுக்குத் தெரியும்: செல் பிரிவதைத் தடுக்கும் மருந்து எந்தச் செல் என்று பார்ப்பதில்லை. பிசிஎன்ஏ சற்றே கெட்டாலும் உடல் தாங்காது என்பதற்கு 2014-இல் நேரடிச் சான்று கிடைத்தது. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆமிஷ் சமூகத்தில் சிலருக்கு இந்தப் புரதத்தின் 228-ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. வளர்ச்சிக் குறைவு, காது கேளாமை, வெயில் பட்டால் தோல் பாதிப்பு, நாளடைவில் நரம்புச் சிதைவு என்று அவர்கள் பட்ட துன்பம் கொஞ்சமில்லை. 261-இல் ஒன்று மாறியதற்கே இவ்வளவு.

“புற்றுநோய் செல்லில் உள்ள பிசிஎன்ஏ வேறு மாதிரி, மருந்து அதைத்தானே குறிவைக்கிறது” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. புற்றுநோய் செல்களில் அந்த வளையத்தின் ஒரு மடிப்பு வேறு விதமாக வெளிப்பட்டிருக்கிறது என்றும், மருந்து அங்கே போய் அமர்கிறது என்றும் மால்காஸ் குழு சொல்கிறது. எழுபதுக்கும் மேற்பட்ட புற்றுநோய் செல் வகைகளில் மருந்து வேலை செய்தது. எலிகளுக்கும் நாய்களுக்கும் தேவையான அளவைப்போல் ஆறு மடங்கு கொடுத்தும் பாதிப்பு தெரியவில்லை. இவை மதிக்க வேண்டிய முடிவுகள், மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கும் துணிவைத் தந்தவை இவையே. ஆனால் இரண்டு வகைச் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுவிலிருந்து வரும் ஒரே புரதம். ஒரு மடிப்பின் வேறுபாட்டை நம்பி, மாதக்கணக்கில், மனிதரின் மஜ்ஜையையும் குடலையும் மருந்து விட்டுவைக்கும் என்பதை மனிதர்களிடம் மட்டுமே உறுதிசெய்ய முடியும். முதல் கட்டத்துக்குள் நுழையும் புற்றுநோய் மருந்துகளில் ஏறத்தாழ இருபதில் ஒன்றுதான் அனுமதி வரை போய்ச் சேருகிறது. நுழைகிற ஒவ்வொன்றும் ஆய்வகத்திலும் விலங்கிலும் தேறியதுதான்.

இதற்கு முன்பும் பட்டிருக்கிறோம். 1998 மே 3 அன்று நியூயார்க் டைம்ஸ் தன் முதல் பக்கத்தில், ஆய்வாளர் ஜூடா ஃபோக்மனின் எண்டோஸ்டாட்டின் என்ற மருந்து எலிகளின் கட்டிகளைக் கரைத்துவிட்டது என்று எழுதியது. மறுநாளே அம்மருந்தை உருவாக்கிய நிறுவனத்தின் பங்கு 12 டாலரிலிருந்து 80 டாலரைத் தாண்டியது, நோயாளிகள் மருந்து கேட்டு மருத்துவர்களை மொய்த்தார்கள். எலியில் கண்டதை மனிதரில் காண முடியவில்லை. கட்டிக்கு ரத்தம் போகும் வழியை அடைக்கலாம் என்ற ஃபோக்மனின் கருத்து வீண்போகவில்லை, அந்த வழியில் வேறொரு மருந்து 2004-இல் அனுமதி பெற்றது. அதனால் கட்டிகள் மறைந்துவிடவில்லை, சிலருக்கு வாழ்நாள் சில மாதங்கள் நீண்டது. 1998-இல் மருந்து கேட்டுக் காத்திருந்தவர்களுக்கு அதுவும் எட்டவில்லை.

பரபரப்பு இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்குப் பணம் வராது, நோயாளிக்கு நம்பிக்கையும் வேண்டும் என்பார்கள். இமாட்டினிப் மாத்திரையின் கதை இரண்டுக்கும் பதில். ஒருவகை ரத்தப் புற்றுநோயில், இரண்டு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொள்வதால் மட்டுமே பிறக்கும் ஒரு புரதத்தை அது குறிவைத்தது. நல்ல செல்லில் அந்தப் புரதமே கிடையாது, பிசிஎன்ஏவிலிருந்து இது எவ்வளவு தூரம் என்று பாருங்கள். முதல் கட்டப் பரிசோதனையிலேயே, போதிய அளவு மருந்து பெற்ற 54 பேரில் 53 பேரின் ரத்த அணுக்கள் சீரான நிலைக்குத் திரும்பின. 2001 மே மாதம் அனுமதி கிடைத்தபோது உலகம் அதைக் கொண்டாடியது, கொண்டாட மனித முடிவுகள் கையில் இருந்தன. நம் ஊருக்கும் அதில் பங்குண்டு. அம்மருந்துக்கான காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் நிராகரித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று அந்த நிராகரிப்பு உறுதியானது. மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற மாத்திரையை இந்திய நிறுவனங்கள் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் தொடர்ந்து தர முடிந்தது. ஒரு நோயாளியின் வீட்டுக்கு உண்மையில் நம்பிக்கை தரும் செய்தி அதுதான், முதல் பக்கத்துக்குத் தகுதியானதும் அதுதான். கீமோவின் பாதி வழியில் தளர்ந்திருப்பவரிடம், பக்கவிளைவே இல்லாத மாத்திரை வந்துவிட்டது என்று சொல்வது அவர் எடுத்துக்கொண்டிருக்கும் சிகிச்சையின் மீதான பிடிப்பைத் தளர்த்தும். ஏஓஎச் 1996 வெல்ல வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டது, அவர்களில் எத்தனை பேரின் கட்டி சுருங்கியது என்பதை, உள்ளே பத்தாவது பத்தியில் ஒளித்துவைக்காமல், தலைப்புக்கு அடுத்த முதல் வரியிலேயே பத்திரிகைகள் எழுதட்டும்.