காதுக்கு என்ன விலை?

ராஜபாளையத்தில் இளைஞர்கள் மத்தியில் ஒரு வாதம் நடந்து வருகிறது. எந்த ஹெட்போனில் கேட்டால் பாட்டு பாட்டாக இருக்கும் என்பதே அந்த வாதம். (எங்கள் பக்கத்தில் சிறிதோ பெரிதோ, காதில் மாட்டும் எல்லாவற்றுக்கும் ‘ஹெட்செட்’ என்றே பெயர்.) ஒருவன் கம்பி உள்ளதுதான் உயர்ந்தது என்கிறான். மற்றொருவன் கம்பியின் காலம் மலையேறிவிட்டது என்கிறான். ஒருவனுக்கு ‘பேஸ்’ போதவில்லை. இன்னொருவனுக்கு அதே ‘பேஸ்’ பாடகியின் குரலை அமுக்கி மூடிவிடுகிறது. டீக்கடையில் ஆரம்பித்த பேச்சு டீ ஆறிய பிறகும் ஓய்வதில்லை.

“இதெல்லாம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு; உழைக்கிற ஜனங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். இந்த அபிப்பிராயத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல அரிசி கேட்கிறவன், நல்ல வீடு கேட்கிறவன், நல்ல சங்கீதத்தை மட்டும் ஏன் கேட்கக் கூடாது? ஒரு பாட்டை அதன் முழு உருவத்தில் கேட்பது பணக்காரர்களின் பிதுரார்ஜிதச் சொத்தா? வாதம் நடக்கட்டும். ஆனால் அது பாதியிலேயே நிற்கிறது என்பதுதான் என் குறை. ஹெட்போனைப் பற்றி நூறு கேள்வி கேட்கிறவர்கள், அதை மாட்டுகிற காதைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. பஞ்சாலையும் விசைத்தறியும் நிறைந்த இந்தப் பகுதியில் அந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் பேசுவது முறையல்ல.

முன்பு நாம் எப்படிப் பாட்டு கேட்டோம்? பஞ்சாயத்து ரேடியோ பாடிய காலம் ஒன்று இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தென் மாவட்டங்களே காத்துக் கிடந்து கேட்டன. அப்புறம் மைக்செட். கல்யாண வீடு, கோயில் கொடை, சடங்கு வீடு, அரசியல் கூட்டம் எதுவானாலும் பனைமரத்திலோ மொட்டை மாடியிலோ குழாய் ஏறிவிடும். ஊரே கேட்கும். கேட்க விரும்பாதவனும் கேட்டாக வேண்டும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் காய்ச்சலில் கிடக்கிற கிழவியும் அதில் அடக்கம். அந்தக் காலத்தை ஒரேயடியாகப் புகழ்ந்து பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

குழாய்க்கு இன்னொரு குறையும் உண்டு. அது நடுத்தரமான சுருதியைத்தான் தூக்கி எறியும். அடிநாதம் அதில் வராது. இளையராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாவலர் வரதராசனின் தம்பியாக, நமது இயக்க மேடைகளில் அண்ணனோடு ஊர் ஊராகச் சென்றவர். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தபோது தமிழ்நாடே அவர் பாட்டைக் கேட்டது. ஆனால் எதில் கேட்டது? குழாயிலும், டீக்கடைப் பெட்டியிலும், பஸ்ஸின் கரகரத்த ஸ்பீக்கரிலும் கேட்டது. அவர் பாட்டுகளில் பேஸ் கிட்டார் மெட்டுக்கு அடியில் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடக்கும். அந்த நடை நம் ஜனங்களில் பெரும்பாலோருக்கு வருஷக் கணக்காகக் கேட்கவே இல்லை. 1978-ல் வந்த ‘பிரியா’ படப் பாட்டுகள் ஸ்டீரியோவில் பதிவானவை. இடது பக்கம் ஒரு வாத்தியம், வலது பக்கம் ஒரு வாத்தியம் என்று பிரித்து வைத்த பாட்டை ஒற்றைக் குழாயில் கேட்டால் என்ன தெரியும்? பாதி விருந்தைச் சாப்பிட்டுவிட்டு, விருந்து பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஹெட்போன் மீதிப் பாதியை இலையில் வைத்தது. அந்த அளவில் அதற்கு நன்றி சொல்ல வேண்டியதுதான்.

இந்தச் சாமான் சங்கீதத்துக்காகப் பிறந்ததும் அல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த பெண்களின் தலையில் ஏறியதுதான் இதன் முன்னோடி. 1910-ல் அமெரிக்காவில் நதானியேல் பால்ட்வின் என்பவர் வீட்டுச் சமையலறையில் வைத்துச் செய்து கப்பற்படைக்கு விற்றார். இரண்டு காதிலும் ஸ்டீரியோ பாட்டுக் கேட்பதற்கென்று ஜான் காஸ் 1958-ல் ஒன்று கொண்டுவந்தார். 1979-ல் ஜப்பானின் சோனி கம்பெனி முதல் வாக்மேனை விற்றபோது அதில் இரண்டு ஹெட்போன் மாட்டத் துளைகள் இருந்தன. ஒரே பாட்டை இரண்டு பேர் சேர்ந்து கேட்கலாம். பேசிக்கொள்ள ஒரு பொத்தான்கூட உண்டு. பின்னால் வந்தவற்றில் துளை ஒன்றாகிவிட்டது. ஆளுக்கு ஒன்று வாங்கினால்தானே வியாபாரம்!

இனி ஒப்பிடும் விஷயத்துக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தோழரின் மகன் சென்ஹைசர் எச்.டி.600 என்ற ஹெட்போனைத் தவணையில் வாங்கியிருக்கிறான். 1997-ல் வந்த மாதிரி அது. கேட்டுத் தேர்ந்தவர்கள் இன்றும் மற்றவற்றை அதோடு வைத்துத்தான் எடை போடுகிறார்கள். விலை முப்பதாயிரத்தை ஒட்டி. அப்பாவுக்கு ஏகக் கோபம். பையனோ, “மாமா, நீங்களே கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுச் சொல்லுங்க” என்றான். தேரடிப் பக்கம் 150 ரூபாய்க்கு வாங்கிய இயர்போன், 1,500 ரூபாய் ப்ளூடூத், இந்த முப்பதாயிரம் ஆகிய மூன்றிலும் அதே பாட்டுகளைக் கேட்டேன்.

150 ரூபாய்ச் சரக்கில் அடிநாதமே இல்லை என்று முதலில் நினைத்தேன். காதுக்குள் கொஞ்சம் அழுத்தியதும் வந்துவிட்டது. ரப்பர் முனை காதை ஒட்டி அடைக்காவிட்டால் அடிநாதம் ஒழுகிப் போய்விடும் என்றான் பையன். நூற்றில் பாதிக் குற்றச்சாட்டுகள் இப்படிப்பட்டவையே. ப்ளூடூத்தில் பேஸைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். கேட்டவுடன் பிரமாதமாக இருக்கிறது, மூன்றாவது பாட்டில் தலை கனக்கிறது. எச்.டி.600-ன் கிண்ணங்களுக்குப் பின்புறம் அடைப்பில்லை, வெறும் வலை. ஒலி உள்ளே முட்டித் திரும்பாமல் வெளியேறிவிடுவதால் பாட்டு தலைக்குள் அடைபடாமல் சற்று விலகி நிற்கிறது. ‘கொஞ்சும் சலங்கை’யில் (1962) காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் ஒற்றைத் தடத்தில் பதிவானதுதான், இடம் வலம் என்று பிரிவதில்லை. ஆனாலும் சீவாளியில் காற்று பிடிக்கிற அந்தக் கணம் இதில் காதுக்குக் கிடைத்தது. மற்ற இரண்டிலும் கிடைக்கவில்லை. வித்தியாசம் உண்மை, இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் இருநூறு மடங்கு விலைக்கு இருநூறு மடங்கு வித்தியாசமா? அதுதான் இல்லை. மேலும் பின்புறம் திறந்த ஹெட்போனில் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். பஸ்ஸிலும் வீதியிலும் அது உதவாது. அதற்கு அமைதியான அறை வேண்டும். ராஜபாளையத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரில், எத்தனை தொழிலாளி வீடுகளில் அமைதியான அறை என்று ஒன்று இருக்கிறது? ஹெட்போன் முப்பதாயிரம், அறைக்கு என்ன விலை?

வாங்கப் போகிறவர்கள் ஒரு சூட்சுமத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டை ஒப்பிடும்போது எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுவே நல்லது என்று காது ஏமாறும். சத்தத்தைச் சமப்படுத்தாமல் செய்கிற ஒப்பீடு ஒப்பீடே அல்ல. 2017-ல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன்களின் அளவுகளை விலையோடு ஒட்டிப் பார்த்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒலியை எந்த அளவு சரியாகத் தருகிறது என்பதற்கும் விலைக்கும் சம்பந்தம் காணவில்லை என்பது முடிவு. பேர், பெட்டி, விளம்பரம் இவற்றுக்கே பெரும்பணம் போகிறது. 2015-ல் சென்ஹைசர் அறிவித்த எச்.இ.1 என்பதன் விலை 50,000 யூரோ. அன்றைய கணக்கில் சுமார் 35 லட்சம் ரூபாய். அதன் பீடம் இத்தாலியப் பளிங்குக் கல்லால் ஆனது. பளிங்குக் கல் பாட்டா பாடும்?

தனியாகக் கேட்பதைப் பற்றியும் ஒரு புலம்பல் இருக்கிறது. பிள்ளைகள் காதை அடைத்துக்கொண்டு ஊரோடு ஒட்டாமல் போகிறார்கள் என்கிறார்கள். ஆலை விடுதியில் பத்துப் பேர் படுக்கும் அறையில் இருக்கிற பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, ஒருத்தி தூங்க, ஒருத்தி அழ, ஒருத்தி போனில் சண்டை போட, நடுவே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து இயர்போனை மாட்டிக்கொள்கிறாள். அந்த 150 ரூபாய்க் கம்பிதான் அவளுக்குக் கிடைத்த ஒரே தனி அறை. அதைப் பறித்துவிட்டு, கூடிக் கேளுங்கள் என்று உபதேசம் செய்ய நமக்கு என்ன உரிமை?

அவளுடைய காதைப் பற்றிக் கவலைப்படத்தான் வேண்டும். உரக்கக் கேட்பதால் நூறு கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்களின் செவிக்கு ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரித்திருக்கிறது. அது ஒரு கணக்கும் தந்திருக்கிறது. 80 டெசிபல் சத்தத்தில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகிறது; ஆகவே நேரம் பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டும். 90 டெசிபலில் வாரத்துக்கு நாலே மணி நேரம்.

சரி, தொழிற்சாலை விதி என்ன சொல்லுகிறது? 90 டெசிபல் சத்தத்தில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் நிற்கலாம் என்கிறது. வாரம் ஆறு நாள், 48 மணி நேரம். பாட்டு கேட்கிற காதுக்கு நாலு மணி. நூல் நூற்கிற காதுக்கு நாற்பத்தெட்டு மணி! பன்னிரண்டு மடங்கு! காது ஒன்றுதான், அதனுள்ளே இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்களும் ஒன்றுதான். இது ஓய்வு நேரம், இது வேலை நேரம் என்று அவற்றுக்குத் தெரியாது. ஒரு தடவை செத்தால் மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதும் இல்லை.

நூற்பாலையில் ரிங் பிரேம் ஓடும் கூடத்தில் சத்தம் 90-ஐ ஒட்டி நிற்கும். நாடா ஓடும் விசைத்தறிச் செட்டில் அது 100-ஐ நெருங்கும். சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வது ஆஸ்பத்திரிக்குப் போகும் பேண்டேஜ் துணி. ஊரார் காயத்துக்கெல்லாம் கட்டுத்துணி நெய்கிறவர்கள் தங்கள் காதில் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்கிறார்கள். பஞ்சு சத்தத்தைத் தடுக்காது. தடுக்கிறது என்ற நினைப்பை மட்டும் தரும். அங்கே முப்பது வருஷம் தறி ஓட்டிய ஒரு தோழரை அன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போயிருந்தேன். பையன் அந்த முப்பதாயிரம் ரூபாய் ஹெட்போனை அவருக்கு மாட்டி, ஒரு நாகஸ்வரக் கச்சேரியை வைத்தான். தவிலுக்குத் தலையாட்டினார். நாகஸ்வரத்துக்குக் கண்ணை மூடினார். அப்புறம், “ஜால்ரா போடுறவர் வரலையா, தோழர்?” என்று கேட்டார். ஜால்ரா ஆரம்பத்திலிருந்தே ஒலித்துக்கொண்டிருந்தது. பையன் ஒன்றும் பேசவில்லை.

இரைச்சலால் கெடும் காது முதலில் இழப்பது வினாடிக்கு நாலாயிரம் அதிர்வுகளை ஒட்டிய ஒலியை. ஜால்ராவின் மினுக்கமும், பேச்சில் ச, ஸ, த போன்ற எழுத்துகளின் கூர்மையும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. எனவே ஆள் செவிடாகத் தெரிய மாட்டார். கூப்பிட்டால் திரும்புவார். பேத்தி சொல்வதுதான் பிடிபடாது. இருபது அதிர்விலிருந்து இருபதாயிரம் வரை என்று பெட்டியில் அச்சடித்த ஹெட்போனை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

சட்டம் இல்லாமல் இல்லை. இரைச்சலால் வரும் காது மந்தம், 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருந்தது. நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் இருந்தது. ஆனால் அந்தத் தொழிற்சாலைச் சட்டம் பத்துப் பேருக்குக் குறைந்த விசைத்தறிச் செட்டுகளை எட்டிப் பார்த்ததில்லை. 2020-ல் நிறைவேறிய தொகுப்புச் சட்டம் அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது. எட்டிப் பார்க்க வேண்டிய சட்டம் இன்னும் எட்டப் போய்விட்டது.

சத்தத்தைச் சத்தத்தாலேயே அடக்கும் ஹெட்போன் வந்திருக்கிறதே என்று பையன் கேட்டான். வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே விடும் வித்தை அது. அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமர் போஸ்; வெள்ளையனுக்குத் தப்பி அமெரிக்கா போன ஒரு வங்கப் புரட்சிக்காரரின் மகன். 1989-ல் அது முதலில் விமானிகளுக்கு விற்பனைக்கு வந்தது. ஆனால் விமானத்தின் தாழ்ந்த ரீங்காரத்தை அது அடக்கும் அளவுக்கு நாடா அடிக்கும் ‘சடக்’ ஓசையை அடக்காது. இன்னொரு செய்தியும் உண்டு. சென்ஹைசரின் ஹெட்போன் வியாபாரத்தை 2022-ல் சோனோவா என்ற ஸ்விட்சர்லாந்துக் கம்பெனி வாங்கியது. அதன் பிரதானத் தொழில் காது கேட்கும் கருவி செய்வது!

தறிச் செட்டுக்குத் தேவையானது சாதாரணக் காதுமூடி. உருவத்தில் அதுவும் ஹெட்போன்தான், பாட்டு மட்டும் வராது. ஆயிரம் ரூபாய்க்குள் தரமானது கிடைக்கிறது. சரியாக மாட்டினால் இருபது டெசிபல் வரை குறைக்கும். வருஷம் ஒரு தடவை செவித்திறன் சோதனைக்கு ஆளுக்குச் சில நூறு ரூபாய் ஆகும். அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சுக்கு உட்காரும்போது கூலி உயர்வு, போனஸ் இவற்றுக்குக் கீழே இந்த இரண்டையும் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலைக்குச் சேரும் நாளிலேயே முதல் சோதனை நடந்து, அதன் சீட்டு தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் நஷ்டஈடு கேட்கும் அன்று, நீ வரும்போதே மந்தம் என்று சொல்லிவிடுவார்கள்.

வெளிநாடுகளில் காதுமூடிக்குள்ளேயே ரேடியோ வைத்து விற்கிறார்கள். ஐரோப்பிய விதிப்படி உள்ளே வரும் பாட்டின் சத்தம் 82 டெசிபலைத் தாண்டக் கூடாது. ராஜபாளையத்து இளைஞர்கள் அடுத்த தடவை ஹெட்போன்களை ஒப்பிட உட்காரும்போது அதிலும் ஒன்றை வரவழைத்துப் பார்க்கட்டும். சத்திரப்பட்டிக்குக் கொண்டு போக நான் வருகிறேன்.