முற்பணம் போனதும் வாயடைத்துப் போகிறவர்கள்



தோட்டக் கமிட்டிகள் சொந்தமாக ஒலிபெருக்கி வாங்கத் தொடங்கியிருப்பது நல்ல காரியம். காமன் கூத்துக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் மே தினத்துக்கும் டவுன் சவுண்ட்காரருக்கு வாடகை கொடுத்து மாளவில்லை. நிர்வாகத்திடம் மைக்கை இரவல் வாங்கி அந்த நிர்வாகத்தையே எதிர்த்துப் பேசவும் முடியாது. புதியது வாங்கக் காசில்லாததால் பாவித்த அம்ப்ளிபயரை இணையத்தில் தேடுகிறோம். அங்கேதான் சிலர் எங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்.

அவர்களுடைய வழக்கம் எங்களுக்கு மனப்பாடமாகிவிட்டது. "சாமான் இருக்கிறதா?" என்று வட்ஸ்அப்பில் கேட்டால் உடனே பதில். இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், இன்றைக்கே முற்பணம் போடுங்கள் என்று அவசரப்படுத்துவார்கள். பணம் போன பிறகு நீலக்கோடு மட்டும் விழும், பதில் வராது. எங்கள் கமிட்டி ஒன்று இப்படிப் போட்ட முற்பணம் 27,000 ரூபா. 2024 செப்டெம்பர் வர்த்தமானி சொன்ன 1,350 ரூபா நாட்சம்பளத்தில் அது 20 நாள் உழைப்பு, சேமலாப நிதி கழிக்கும் முன்னரே. அட்டைக்கடியிலும் மழையிலும் பறித்த கொழுந்தின் காசு அது.

சாமான் வந்து சேர்ந்தவர்கள் பாடும் சுகமில்லை. ஜப்பானிலிருந்து வரும் பழைய அம்ப்ளிபயர்களில் பல 100 வோல்ட்டில் ஓடுபவை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ட்ரான்ஸ்போமர் இல்லாமல் நேரே செருகினால் கருகிப் போகும். "எத்தனை வோல்ட்? பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்" என்ற கேள்விக்கு மட்டும் விற்பவருக்கு நேரம் கிடைப்பதில்லை. இதை மறதி என்று நாங்கள் நம்பவில்லை. பதில் சொன்னால் விலை குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகவரி கேட்பார்கள். இத்தனையாம் நம்பர் லயம் என்றதும் பேச்சு நின்றுவிடும். எங்கள் வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாதது எங்கள் குற்றமா?

மலிவுக்கு ஆசைப்பட்டால் அப்படித்தான் என்று படித்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். பழையதை வாங்குவது ஆசையில்லை, அவசியம். பழைய சாமானில் பழுது இருக்கலாம், அதை ஏற்கிறோம். பழுதை மறைப்பதையும் காசை விழுங்குவதையும் ஏற்க மாட்டோம்.

வியாபாரியிடம் பற்றுச்சீட்டு கேட்பது உரிமை. குறைபாடிருந்தால் சாமான் கிடைத்து மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. வியாபாரி அல்லாத தனி ஆள் காசை ஏமாற்றியிருந்தால் பொலிஸுக்குத்தான் போக வேண்டும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் மின்னணுப் பதிவுகளை அங்கீகரிக்கிறது. ஆகவே வட்ஸ்அப் செய்தியை வெறும் பேச்சென்று எவரும் தள்ளிவிட முடியாது. விளம்பரத்துக்குக் காசு வாங்கும் தளங்களும் விற்பவரின் அடையாள அட்டையைச் சரிபார்த்த பிறகே விளம்பரம் போட வேண்டும் என்று கோருகிறோம்.

அதுவரை எந்தக் கமிட்டியும் சாமானைப் போட்டுக் கேட்காமல் ஒரு சதமும் அனுப்பக் கூடாது. இரண்டு மூன்று தோட்டங்கள் சேர்ந்து, வயரிங் தெரிந்த ஒரு தம்பியையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். பஸ் காசு அதைவிட மலிவு. ஏற்கெனவே பணம் இழந்த கமிட்டிகள் வங்கிச் சிட்டையையும் வட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு மாவட்டக் காரியாலயத்துக்கு வரவும். முறைப்பாட்டை நாங்களே எழுதித் தருகிறோம்.