சிறுத்தை வந்தால் ஆடு மேய்ப்பவனா குற்றவாளி?

2024 டிசம்பரில், வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம் துருகம் கிராமத்தில் 22 வயதுப் பெண் ஒருவரைச் சிறுத்தை அடித்துக் கொன்றது. காட்டோரம் பிழைக்கும் ஏழைக் குடும்பத்துப் பெண். அதே வருஷம் ஜூனில் திருப்பத்தூர் நகரத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சிறுத்தை புகுந்து, அங்கே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளியைக் காயப்படுத்தியது.

இப்படி நடக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரே பல்லவிதான். ஆடு மேய்ப்பவனும் விறகு பொறுக்குகிறவளும் காட்டைத் தின்றுவிட்டார்களாம்; அதனால் மிருகம் ஊருக்குள் வருகிறதாம். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்துக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலைத் தடை செய்தது. புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா ஆகியவற்றுக்கு மட்டும் என்று பிறகுதான் அது சுருக்கப்பட்டது.

நாம் கேட்கிறோம்: காட்டின் சாவி யார் கையில் இருந்தது? 1882-ம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் வந்த நாளிலிருந்து, எந்த மரம் நிற்கலாம், எது விழலாம் என்று தீர்மானித்தது சர்க்கார். ஆடு மேய்ப்பவன் அல்ல.

ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புத் தொழிலாளிக்கு இந்தக் கதையில் பங்கு உண்டு. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட காலம் ஒன்று. அப்புறம் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை இறக்குமதியாயிற்று. அதை இங்கேயே விளைவிக்கலாம் என்று நீலகிரியிலும் பழனி மலையிலும் வன இலாகாவே வாட்டிலை நட்டது. மலை ஜனங்கள் அதைச் சீகை மரம் என்பார்கள். நட்ட இடம் எது? புல்வெளி. கணக்குப் புத்தகத்தில் அது வெறும் தரிசு. ஆனால் கடமானும் வரையாடும் மேய்ந்தது அங்கேதான். அவற்றை அடித்துத் தின்று புலியும் சிறுத்தையும் வாழ்ந்தன. சீகை நிழல் விழுந்த இடத்தில் புல் செத்தது. புல்லைத் தேடி மேயும் மிருகம் நகர்ந்தால், அதைத் தேடிப் பூனைச் சாதியும் நகரும். இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டாம்.

பிறகு குரோம் வந்தது. பட்டைக்குக் கிராக்கி விழுந்தது. வியாபாரிகள் கணக்கை முடித்துக்கொண்டார்கள். மரம் மட்டும் மலையெல்லாம் பரவிக்கொண்டே இருந்தது. அயல் தாவரங்களை அகற்ற வேண்டும் என்று 2022-ல் தமிழ்நாட்டுச் சர்க்காரே கொள்கை வெளியிட்டது. நட்டதற்காக எந்த அதிகாரி அபராதம் கட்டினார்? விறகுக் கட்டோடு பிடிபடும் கிழவிதான் கட்டுகிறாள்.

நம் பக்கத்துக் காடு வேறு, வறண்ட காடு. சிறுத்தையும் புலியைப் போலப் பெருங்காடு கேட்பதில்லை. மறைவும் இரையும் போதும். மராட்டியத்தில் அகோலே வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் சிறுத்தைகள் வாழ்வதை வித்யா ஆத்ரேயா என்ற ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும் கண்டார்கள். அவை அதிகம் தின்றது நாயைத்தான். நம் ஊர்களைப் பாருங்கள்: காட்டோரம் உண்ணிச்செடிப் புதர், ரோட்டோரம் கறிக்கழிவும், தோலில் சுரண்டிய ஜவ்வும், அதைத் தின்று கொழுக்கும் நாய்க் கூட்டம். சிறுத்தைக்குப் பந்தி போட்டது யார்? கழிவை வாரிக் கொட்டச் சொன்ன முதலாளியா, கூலிக்குக் கொட்டியவனா?

கூண்டு வை என்று நாமும் முழக்கம் போட்டிருக்கிறோம். ஆளைக் கொன்ற மிருகத்தைப் பிடிக்கத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன ஆகும்? மராட்டியத்து ஜுன்னாரில் அப்படித்தான் செய்தார்கள். அதற்கு முன் வருஷத்துக்குச் சராசரி 4 பேர் தாக்கப்பட்டார்கள். 2001 முதல் 2003 வரையில் அது 17 ஆயிற்று. கொண்டுபோய் விட்ட இடத்தைச் சுற்றியும் தாக்குதல் நடந்தது. அங்கே இருந்தவர்களும் நம்மைப் போன்ற கூலி ஜனங்கள்தான்.

ஆகவே கூண்டுக்கு முன்னால் வேறு வேலை இருக்கிறது. காட்டோரக் குடிசைகளுக்கு விளக்கும் கக்கூசும் வேண்டும். ஆட்டுக்குக் கதவு வைத்த பட்டி கட்டச் சர்க்கார் பணம் தரவேண்டும். புதரை வெட்டும் வேலையைக் கண்டிராக்டரிடம் விடாமல் அந்தந்தக் கிராமத்து விவசாயத் தொழிலாளிக்கே கூலி கொடுத்துச் செய்யவேண்டும். கழிவை அள்ளும் செலவு தோல் ஷாப்பு முதலாளியின் தலையில் விழவேண்டும்.

அடுத்த தடவை சிறுத்தையை லாரியில் ஏற்றும்போது நாம் கூட்டமாய் நின்று வேடிக்கை மட்டும் பார்க்கக் கூடாது. எந்த ஊர்க் காட்டில் இறக்கப் போகிறீர்கள், அந்த ஊர் ஜனங்களிடம் சொல்லியாயிற்றா என்று வன இலாகா அதிகாரியைக் கேட்கவேண்டும்.