காவல் நிலையத்துக்குள் ஆய்வு நுழையட்டும்

ஒரு பகுதியில் திருட்டு பெருகினால் உடனே எழும் கோரிக்கை, ‘ரோந்தைக் கூட்டுங்கள்’ என்பதுதான். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி காவல் துறை இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தது. 1972-73இல் 15 ரோந்துப் பகுதிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் அழைப்பு வந்தால் மட்டுமே வண்டி போகும். இன்னொன்றில் ரோந்து இரண்டு, மூன்று மடங்காகக் கூட்டப்பட்டது. மூன்றாவதில் எல்லாம் வழக்கம்போல். குற்றங்களிலோ மக்களின் அச்சத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பின்னர் மினியாபோலிஸில் நடந்த ஆய்வு, குற்றம் குவியும் குறிப்பிட்ட இடங்களில் ரோந்தைச் செறிவாக்கினால் பலன் உண்டு என்று காட்டியது.

காவல் பணி பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி இப்படி அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியாவில் நடந்தவை. அந்த முடிவுகள் எல்லா ஊருக்கும் பொருந்துவதில்லை. காவலர்களும் பொதுமக்களும் கைகோக்கும் சமூகக் காவல் முறையை பிரேசில், கொலம்பியா, லைபீரியா, உகாண்டா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் சோதித்த ஆய்வு 2021இல் வெளியானது. மக்களின் நம்பிக்கை கூடவில்லை, குற்றமும் குறையவில்லை. தமிழ்நாட்டில் 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய ‘காவல் நண்பர்கள்’ திட்டம் மாநிலம் முழுக்கப் பரவி, சாத்தான்குளம் தந்தை-மகன் காவல் மரணத்துக்குப் பிறகு 2020இல் தடை செய்யப்பட்டது. பரப்பும்போதும் நிறுத்தும்போதும் இத்தகைய அளவீடு முடிவுக்கு அடிப்படையாக இருந்திருக்க வேண்டும்.

இந்தியாவிலும் நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. ராஜஸ்தானில் 162 காவல் நிலையங்களில், பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோருடன் ஐபிஎஸ் அதிகாரி நீனா சிங்கும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார். காவலர்களுக்குப் பயிற்சி அளித்ததும், அவர்களை அடிக்கடி இடமாற்றம் செய்யாமல் ஒரே நிலையத்தில் வைத்திருந்ததும் பலன் தந்தன. காவலர்களுக்கு வார விடுமுறை, பணிச் சுழற்சி போன்ற மாற்றங்களோ நிலைய அளவில் சரிவர நடைமுறைக்கே வரவில்லை. தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வார விடுப்பு 2021இல் அறிவிக்கப்பட்டது. உத்தரவு போட்டாயிற்று என்பதோடு நில்லாமல், எத்தனை நிலையங்களில் அது உண்மையில் கிடைக்கிறது என்பதை வெளியாட்கள் அளந்து சொல்ல வேண்டும். இது சிறிய விஷயமல்ல: இந்தியக் காவலர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 14 மணி நேரம் உழைப்பதாக ‘காமன் காஸ்’, சிஎஸ்டிஎஸ் அமைப்புகளின் 2019ஆம் ஆண்டு அறிக்கை கூறியது.

மகளிர் காவல் நிலையங்களைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1992இல் சென்னையில் தொடங்கிய இந்த ஏற்பாடு இன்று மாநிலத்தில் 200-க்கும் மேற்பட்ட நிலையங்களாக விரிந்துள்ளது. இத்தகைய நிலையங்களால் பெண்களின் புகார்ப் பதிவு உயர்ந்தது என்கிறது ஓர் ஆய்வு. ஹரியாணாவில் ஆராய்ந்த நிர்விகார் ஜஸ்ஸலோ, பெண்களின் வழக்குகளை வழக்கமான நிலையங்கள் மகளிர் நிலையங்களுக்குத் தள்ளிவிட்டன என்றும், பெண்களின் அலைச்சல் கூடியது என்றும் கண்டார். மத்தியப் பிரதேசத்தில் 180 நிலையங்களில் நடந்த சோதனை வேறொரு வழியைக் காட்டியது: சாதாரண நிலையத்துக்குள்ளேயே பெண்கள் உதவி மையம் அமைத்து, அதைப் பெண் அதிகாரி நடத்தினால் வழக்குப் பதிவு கூடுகிறது. இந்த மூன்று முடிவுகளில் நமக்கு எது பொருந்தும் என்பதை, இந்த ஏற்பாட்டின் முன்னோடிகளில் ஒன்றான தமிழ்நாடு அல்லவா சொல்ல வேண்டும்?

ஆய்வின் பெரிய பள்ளம் காவல் நிலையத்தின் வாசலிலேயே தொடங்குகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவான வழக்குகளை எண்ணுகிறது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீதுகூடத் தராமல் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அவர்கள் என்ன சாதி, எந்த ஊர், யாருடைய சிபாரிசும் இல்லாமல் வந்தவர்களா என்பதும் தெரிவதில்லை. லாக்கப் வன்முறையோ, உயிர் போன பிறகு நீதிமன்றத்திலும் விசாரணை ஆணையத்திலும்தான் பேசுபொருளாகிறது. சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம் 1855இலேயே அறிக்கை தந்துவிட்டது. அடிப்பது ஏன் இன்னும் விசாரணை முறையாகவே நீடிக்கிறது என்பதை உயிர் போகும் முன்பே ஆராய வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இருக்கின்றன. அரசு செய்ய வேண்டியவை மூன்று: பெயர் நீக்கிய புகார்த் தரவுகளை அத்துறைகளுக்குத் திறந்துவிடுவது, புதிய திட்டம் எதையும் முதலில் சில நிலையங்களில் மட்டும் சோதிப்பது, முடிவு சங்கடமானதாக இருந்தாலும் வெளியிடுவது. அடுத்த காவல் துறை மானியக் கோரிக்கையின்போது சட்டமன்ற உறுப்பினர்கள் இந்த மூன்றையும் அரசிடம் கேட்க வேண்டும்.