மேற்குக் கடலின் காலை

வெள்ளவத்தைக் கடலில் எடுத்த ‘சூரியோதயம்’ என்று நண்பர்கள் சிலர் படம் காட்டுகிறார்கள். கொழும்பின் கடல் மேற்கே கிடப்பது. அதில் சூரியன் மறையுமே தவிர உதிக்காது. கடலிலிருந்து எழும் கதிரவனைக் காணத் திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோதான் போகவேண்டும்.

இருந்தும் என் கட்சி காலையின் பக்கந்தான். மாலையில் ஒளிக்கு எதிரே கமராவைப் பிடிப்பதால் மனிதர்கள் வெறும் கரிய உருவங்களாகி விடுகின்றனர். காலையில் வெயில் நம் முதுகுப்புறமிருந்து மாடிக் கட்டடங்களைத் தாண்டி வருகிறது. தண்டவாளமும் கற்பாறைகளும் அங்கே நடப்பவர்களின் முகங்களும் துலங்குகின்றன.

நம்மிடம் குறைவாக இருப்பவை அந்த முகங்களே. யுத்தம் முடிந்த 2009 வரை, கரையில் கமராவுடன் நிற்கும் தமிழர் அடையாள அட்டையையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டியிருந்தது. கொட்டாஞ்சேனையில் நின்று துறைமுகத்தை நோக்கி அதைத் திருப்ப எத்தனை பேர் துணிந்திருப்பார்கள்? கலியாணப் படங்கள் நிறைந்த நம் அல்பங்களில் கடல் அபூர்வம்.

இதற்கிடையில் கரையே மாறிவிட்டது. காலிமுகத்திடலருகே 2014இல் தொடங்கிய துறைமுக நகரத்துக்காக 269 ஹெக்டேயர் கடல் நிலமாக்கப்பட்டது. அதற்கு முந்திய தொடுவானம் தெரியும் படம் உங்களிடம் இருந்தால், மங்கலானதென்று எறிந்துவிடாதீர்கள். பின்புறத்தில் ஆண்டையும் நிற்பவர்களின் பெயர்களையும் எழுதி வையுங்கள்.