அவசரக்காரர்கள்

பஸ்ஸில் முண்டியடித்து ஏறுகிறவனைப் பார்த்து, 'என்னய்யா, ஏழு மாசத்துல பொறந்தியா?' என்று கேட்பது நம் ஊர் வழக்கம். கேட்கிறவர்களில் பலர் ஏழு மாதத்தில் பிறந்த குழந்தையைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

நான் சமீபத்தில் பார்த்தேன். எங்கள் ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் நண்பருக்கு முதல் குழந்தை. வளைகாப்புக்குத் தேதி குறித்து, கலவை சாதத்துக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அந்த வாரமே பெண் பிறந்துவிட்டாள். 31-வது வாரம், 1,350 கிராம். மனைவி இரண்டாவது மாடி, குழந்தை நான்காவது மாடி, மருந்துக் கடை தரைத்தளம். நண்பரை நான் பெரும்பாலும் லிஃப்டில்தான் சந்தித்தேன்.

"டாக்டர் எல்லாத்தையும் சொல்றார் சார். எனக்குத்தான் ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்குது" என்றார். பி.காம்., எம்.பி.ஏ. படித்தவர். பேலன்ஸ் ஷீட்டைத் தலைகீழாகப் படிப்பார். குறைமாதக் குழந்தையைப் பற்றி எந்த சிலபஸிலும் இல்லை. ஆகவே இந்த வாரம் ஒரு சின்ன கோனார் நோட்ஸ். உங்களுக்குத் தேவைப்படாமலே போகட்டும்.

முதலில் கணக்கு. கர்ப்பம் 40 வாரம். 37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதம். 32-லிருந்து 37 வரை மிதமான ரகம், 28-லிருந்து 32 வரை ரொம்ப முன்னால், 28-க்கும் கீழே என்றால் மிக மிக முன்னால். நம்மைப் போல் எத்தனை பேர் என்று நண்பர் கேட்டார். 2020-ல் உலகத்தில் சுமார் ஒரு கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஏறத்தாழ பத்தில் ஒன்று. அதில் ஏறத்தாழ 30 லட்சம் இந்தியாவில். இந்த விஷயத்திலும் நாம்தான் முதலிடம்.

அடுத்து உறவினர்கள். 'ஏழு மாசம் தங்கும், எட்டு மாசம் தங்காது' என்று ஒரு பெரியம்மா கட்டாயம் சொல்வார். பெரியம்மாவைக் கோபிக்காதீர்கள். இதையே கிரேக்கத்து ஹிப்பாகிரட்டிஸ் பெயரில் உள்ள ஏடுகளிலும் 2,000 வருடத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் சொன்னதும் தப்பு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான்.

முதல் முறை உள்ளே போகும்போது தயாராகப் போங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய ஒரு ஜீவன் இருக்கும். தோல் மெல்லிசாக, சிவப்பாக இருக்கும். முதுகில் பூனை முடி. தோலுக்கடியில் கொழுப்பு இல்லாததால் சூட்டைத் தக்கவைத்துக் கொள்ளத் தெரியாது, அதற்குத்தான் பெட்டி. மூக்கில் ஒன்று, வாயில் ஒன்று, காலில் ஒன்று என்று வயர். மானிட்டர் 'கீங் கீங்' என்று கத்தும். பாதி நேரம் குழந்தை காலை உதைத்து சென்சார் நழுவியிருக்கும். நண்பர் முதல் இரண்டு நாள் மானிட்டரையே பார்த்து வெளிறிப்போனார். பிறகு ஒரு சிஸ்டர் சொன்னார்: "மிஷினைப் பாக்காதீங்க சார், பாப்பாவைப் பாருங்க. பயப்பட வேண்டியது வந்தா நானே ஓடி வருவேன்."

பெரிய பிரச்னை நுரையீரல். காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே சோப்பு நுரை மாதிரி ஒரு வஸ்து வேண்டும். பெயர் சர்ஃபாக்டன்ட். வயிற்றில் கடைசி வாரங்களில்தான் அது போதுமான அளவு சுரக்கும். 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஐந்தரை வாரம் முன்னதாக ஒரு மகன் பிறந்தான். பெயர் பேட்ரிக், 2.1 கிலோ. உலகத்திலேயே அதிகாரம் படைத்த அப்பா. 39 மணி நேரத்தில் குழந்தை இறந்துபோனது. காரணம் இந்தச் சமாசாரம்தான். குறைபாடு இன்னதென்று மேரி எலன் ஏவரி என்ற டாக்டரம்மா 1959-லேயே கண்டுபிடித்துவிட்டார், ஆனால் மருந்து இல்லை. 1980-ல் ஜப்பானின் ஃபுஜிவாரா, சர்ஃபாக்டன்ட்டை நேராக நுரையீரலுக்குள் செலுத்திக் காட்டினார். இன்று நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரியில் 34 வாரம், 2.1 கிலோ என்றால் டாக்டர்கள் பெரும்பாலும் நம்பிக்கையோடுதான் பேசுவார்கள்.

அதற்கு முன்பே ஒரு காரியம் செய்ய முடியும். குறைமாதத்தில் வலி எடுத்தால் அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது குழந்தையின் நுரையீரலை அவசரமாக முதிர வைக்கும். நியூசிலாந்தில் லிக்கின்ஸும் ஹோவியும் 1972-ல் சொன்னது. ஆனால் ஊசி வேலை செய்ய நேரம் வேண்டும். ஆகவே 37 வாரத்துக்கு முன்னால் விட்டு விட்டு வயிறு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, 'சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி குடி' என்று ராத்திரியைக் கடத்தாதீர்கள். ஆட்டோ பிடியுங்கள், அல்லது 108.

இந்தக் குழந்தைகள் சில சமயம் மூச்சுவிட மறந்துவிடும். நிஜமாகவே மறதிதான். மூளையின் மூச்சு டிபார்ட்மென்ட் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை. மருந்து என்ன தெரியுமா? கேஃபீன். பதினோரு மணிக்கு நம்மை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைக்கிற அதே காபிச் சரக்கு. மருந்தாகத் தயாரித்து, அளந்து கொடுக்கிறார்கள். டிகாக்ஷனைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

எடை முதல் சில நாட்கள் குறையும். பிறந்த எடைக்குத் திரும்பவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகலாம். அப்புறம் ஒரு கிலோவுக்குத் தினம் 15, 20 கிராம் வீதம் ஏறினால் சந்தோஷம். ஷேர் மார்க்கெட் பார்ப்பது போல் தினமும் பார்த்து ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொள்ள வேண்டாம். ஜாண் ஏறினால் முழம் சறுக்கும் நாட்களும் வரும். நேற்று ஆக்சிஜனை எடுத்திருப்பார்கள், இன்று மறுபடி வைப்பார்கள்.

பாலை உறிஞ்சி, விழுங்கி, நடுவில் மூச்சும் விடுகிற சாமர்த்தியம் 34 வாரம் வாக்கில்தான் வரும். அதுவரை ட்யூப் வழியாகச் சில மில்லி. அம்மா இரண்டு மூன்று மணிக்கொரு தரம் பாலை எடுத்துத் தர வேண்டும். அந்தச் சின்ன பாட்டிலை நான்காவது மாடிக்குக் கொண்டுபோவது அப்பா வேலை. போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி உண்டா என்று கேளுங்கள். மும்பை சயான் ஆஸ்பத்திரியில் 1989-லேயே அதை ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்பாக்களுக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் ஒன்று இருக்கிறது. பத்தாம் நாள் சிஸ்டர் வந்து, "சார், சட்டை பட்டனைக் கழட்டிட்டு உக்காருங்க" என்றார். நண்பர் மிரண்டு, "எனக்கு எதுக்கு சிஸ்டர் ஊசி?" என்றார். ஊசி இல்லை, கங்காரு. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978-ல் இன்குபேட்டர் பற்றாக்குறை. எட்கார் ரே என்ற டாக்டர், 'பெட்டி இல்லாவிட்டால் என்ன, அம்மா இருக்கிறாளே' என்கிற ரீதியில் யோசித்து, குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். ஏழை நாட்டு வைத்தியம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் நடந்து 2021-ல் வெளியான ஆய்வு, பிறந்தவுடனே இதை ஆரம்பித்தால் சாவு கால்வாசி குறைகிறது என்றது. 2022-லிருந்து உலக சுகாதார நிறுவனமே நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்கிறது. அம்மா தூங்கும்போது அப்பா செய்யலாம்.

நண்பர் சட்டைக்குள் 1,300 சொச்சம் கிராமை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தவர், "கிழங்கு மாதிரி சூடா இருக்கா சார்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. முகத்தைக் கழுவப் போனார்.

கஷ்டமான பக்கத்தையும் சொல்ல வேண்டும். கிருமித்தொற்று, மூளைக்குள் ரத்தக் கசிவு, குடல் அழற்சி எல்லாம் வரக்கூடும். எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை. சில பேருக்கு நடையிலோ, காதிலோ, படிப்பிலோ சிரமம் தங்கலாம். டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். கேட்டதால் எதுவும் நடந்துவிடாது.

ஒன்றை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, இரண்டு கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். வெளியே இருந்து பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும். உள்ளே ரத்தக் குழாய் தாறுமாறாக வளர்ந்துகொண்டிருக்கும். நாளோடு கண்டுபிடித்தால் லேசரிலோ ஊசியிலோ பெரும்பாலும் காப்பாற்றலாம். தவறவிட்டால் பார்வை திரும்பாது. டிஸ்சார்ஜ் சந்தோஷத்தில் இந்தத் தேதியைத் தொலைக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் கணக்கு உண்டு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையின் ஆறு மாதம், வளர்ச்சிக் கணக்கில் நாலு மாதம்தான். எதிர்வீட்டுக் குழந்தை குப்புறக் கவிழ்ந்துவிட்டது, நம்முடையது கவிழவில்லை என்று ஓடாதீர்கள். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துப் பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழித்தல் கிடையாது. டாக்டர் வேறு மாதிரி சொன்னாலொழிய, பிறந்த தேதிதான்.

இப்போது லீவ். எங்கள் மேலதிகாரி, "அதான் ஆஸ்பத்திரியில பாத்துக்கறாங்களே, நீ எதுக்குப்பா?" என்று கேட்டார். மத்திய அரசு ஊழியர் என்றால் அப்பாவுக்கு 15 நாள் உண்டு, 1997-லிருந்து. தனியார் கம்பெனி என்றால் கம்பெனியின் கருணை. இங்கிலாந்தில் 2025 ஏப்ரலிலிருந்து இப்படித் தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் பெற்றோருக்கென்றே 12 வாரம் வரை தனி லீவ் தருகிறார்கள். இங்கே வரும் வரை, இருப்பதைப் பிரித்து எடுங்கள். முதல் வாரத்திலேயே தீர்த்துவிட்டால், குழந்தை வீட்டுக்கு வருகிற வாரம் கையில் ஒன்றும் இருக்காது. இன்ஷூரன்ஸில் குழந்தையின் பெயரைச் சேர்க்க முடியுமா என்று உடனே கேளுங்கள். பணம் கரைகிறது என்றால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பச்சிளங்குழந்தைப் பிரிவு இருக்கிறது. கட்டணம் இல்லை. குழந்தையை மாற்றுவதை மட்டும் டாக்டரைக் கேட்டு, சூடும் ஆக்சிஜனும் உள்ள வண்டியில் செய்யுங்கள்.

கடைசியாக, இரண்டாவது மாடியில் படுத்திருப்பவள். அவளைச் சுற்றி ஒரு விசாரணைக் கமிஷன் உட்கார்ந்திருக்கும். ஸ்கூட்டரில் போனாளா, மாடிப்படி ஏறினாளா, பப்பாளி சாப்பிட்டாளா? இரட்டைக் குழந்தை, ரத்தக் கொதிப்பு, கிருமித்தொற்று என்று காரணங்கள் உண்டு. பல சமயம் காரணமே தெரிவதில்லை. கமிஷனைக் கலைப்பது புருஷன் வேலை. 'உன் தப்பு இல்லை' என்று ஒரு தரம் சொன்னால் போதாது, தினம் சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் அழுகை நிற்கவில்லை என்றால் அதற்கும் டாக்டர் உண்டு.

ஆபீஸ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாழ்த்துவதா, வருத்தம் சொல்வதா என்று தெரியாமல் ஒதுங்கி நிற்கிறீர்கள். வாழ்த்துங்கள். பிறந்திருப்பது குழந்தை. கூட்டமாகப் பார்க்கப் போகாதீர்கள், இருமிக்கொண்டு போகவே போகாதீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு, நான்கு பேர் சாப்பிடுகிற மாதிரி ஒரு டிபன் கேரியரைக் கீழே கொடுத்துவிட்டு, மேலே போகாமல் திரும்பி வாருங்கள்.