மாணவனுக்கு ஒரு விதி, ஆசானுக்கு ஒரு விதியா?

பல்கலைக் கழக விடுதியொன்றில் வெற்றுச் சாராயப் போத்தல்கள் அகப்பட்டன என்று செய்தி வந்தாலும், மாணவன் ஒருவன் போதைப்பொருளுடன் பிடிபட்டான் என்று செய்தி வந்தாலும், நம்மிடையே உடனே எழும் குரல் ஒன்றுதான்: "விதிகளைக் கடுமையாக்குங்கள்! படிப்பை நிறுத்துங்கள்! பொலிஸாரை உள்ளே விடுங்கள்!" இக்குரலை எழுப்புவோர் தீயவரல்லர். பிள்ளையைத் திருநெல்வேலிக்கோ வந்தாறுமூலைக்கோ பேராதனைக்கோ அனுப்பிவிட்டு இரவில் உறக்கமின்றிக் கிடக்கும் பெற்றோர் அவர்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது. அவர்கள் கேட்கும் பரிகாரம் நியாயமானதா, பயன் தரக்கூடியதா என்பதே நாம் ஆராயவேண்டியது.

மதுவுக்கும் போதைக்கும் பரிந்துபேச நாம் முன்வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். விரிவுரை மண்டபத்திலும் ஆய்வுகூடத்திலும் விடுதியிலும் விளையாட்டுத் திடலிலும் அவற்றுக்கு இடமிருத்தலாகாது. உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக் கழகத் தகுதி பெறுவோரில் மூன்றிலொரு பங்கினருக்குக்கூட அனுமதி கிட்டாத நாடு இது. ஒவ்வோர் ஆசனமும் வேறொரு பிள்ளைக்குக் கிடைக்காமற்போன ஆசனம். செம்மண் தோட்டத்தில் வெங்காயம் வைத்தும், வன்னியிற் காலபோகம் விதைத்தும் சேர்த்த காசிற் படிக்கச் சென்றவன் அங்கே குடித்துச் சீரழிவதை எந்தத் தந்தைதான் பொறுப்பான்? ஆகவே விதி வேண்டும். அந்த விதி யாரைக் கட்டுகின்றது, யாரைக் கட்டாமல் விட்டுவிடுகின்றது என்பதில்தான் நமக்கு வழக்கு.

நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகாரசபையை நிறுவிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், இருபத்தொரு வயதுக்குட்பட்ட எவருக்கும் மதுவையோ சிகரெட்டையோ விற்பது குற்றம் என்கின்றது. நம் பிள்ளைகள் உயர்தரம் எழுதும்போது வயது பத்தொன்பது. பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வந்து, பதிவு முடிந்து வகுப்புத் தொடங்கும்போது இருபது, அல்லது இருபத்தொன்று. எனவே புதுமுக மாணவர் பலருக்கு மது விற்பதே சட்டவிரோதம். இங்கே சட்டம் கை வைப்பது விற்பவன்மேல். பல்கலைக் கழகத்தில் நடப்பதோ தலைகீழ். குடித்தவன் அகப்படுகின்றான், அவனுக்கு விற்றவன் மறுநாட் காலையிலும் வழக்கம்போலக் கடை திறக்கின்றான்.

விடுதி அறையிற் போத்தல் கண்டால் விசாரணைக் குழு கேட்கவேண்டிய முதற் கேள்வி, "ஏன் குடித்தாய்?" என்பதன்று, "எங்கே வாங்கினாய்?" என்பதே. அந்த விடையை மதுவரித் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவிக்கும் கடமை பதிவாளருக்கு உண்டென்று விதியிலேயே எழுதிவைத்தால் என்ன? 2024ஆம் ஆண்டில் வடக்கில் வழங்கப்பட்ட மதுபான அனுமதிப் பத்திரங்கள் தேர்தல் மேடைகளில் முழங்கப்பட்டதையும், அவ்வாண்டு டிசம்பரில் அவற்றின் பட்டியல் பாராளுமன்றத்துக்கே வந்ததையும் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். சிபார்சு செய்தது யார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட நம் பிரமுகர்களில் எத்தனை பேர், அக்கடைகளுக்கும் கல்விக்கூடங்களுக்கும் இடையே எத்தனை யார் தூரம் என்று கேட்டார்கள்?

இனி ஆசிரியர்களிடம் வருவோம். இங்கேதான் பலருக்கு நா எழுவதில்லை.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக் கழகங்கள் சட்டம், ஒழுக்கத்தைப் பேணும் பொறுப்பைத் துணைவேந்தரிடம் ஒப்படைக்கின்றது. பல்கலைக் கழகம் என்பது மாணவர் மட்டுமன்று. பேராசிரியர் முதற் காவலாளி வரை எல்லோரும் அதன் அங்கத்தினர். கடமை நேரத்தில் மதுவெறியிலிருத்தல் அரசாங்க ஊழியனுக்குப் பாரதூரமான குற்றம் என்பதை எழுதுவினைஞரும் அறிவர். ஆனால் நடைமுறை எப்படி? மாணவனைப் பற்றிய முறைப்பாட்டைக் காவலாளி எழுதிக் கொடுக்கின்றான். மாணவன் விசாரணைக்கு வருகின்றான். பேராசிரியர் ஒருவர் தள்ளாடிக்கொண்டு வாயிலைக் கடந்து வந்தால், அதே காவலாளி பேனாவைத் தொடுவானா? தொட்டால் அவனுடைய அடுத்த ஆண்டு வேலைக்கு யார் உத்தரவாதம்? எந்தவொரு பல்கலைக் கழகத்தையும் சுட்டி இதை நாம் எழுதவில்லை. எங்கே அதிகாரமும் பதவியுயர்வும் ஒரே கைகளிற் சுற்றுகின்றனவோ, அங்கே இது நடக்கும்.

ஆசிரியர் குடிப்பதில் இன்னொரு தீங்கும் உண்டு. கள ஆய்வுக்கென்றும் கல்விச் சுற்றுலாவென்றும் மாணவரை வெளியூருக்கு அழைத்துச் செல்கின்றார்கள். அங்கே இரவு விருந்தில் விரிவுரையாளர் ஒருவர் கிளாஸை நீட்டி, "நீயும் எடு" என்றால், அவர் கையில் மதுவோடு அம்மாணவனுடைய புள்ளியும் இருக்கின்றது. மறுக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? மாணவிகளின் நிலையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே மாணவரோடு இருக்கும் வேளை, வளாகத்துக்குள்ளாயினும் வெளியேயாயினும், கடமை வேளையாகவே கொள்ளப்படல் வேண்டும். அவ்வேளையில் ஆசிரியர் ஒரு துளியும் தொடலாகாது. ஆசிரியருக்குரிய தண்டனை மாணவனுக்குரியதினும் கூடியதாக இருத்தலே முறை. தன் வீட்டில், தன் விடுமுறையில், ஒருவர் ஒரு போத்தல் பியர் அருந்துகின்றாரா இல்லையா என்று துருவுவது பல்கலைக் கழகத்தின் வேலையன்று. இருபத்தொரு வயது கடந்த மாணவனுக்கும் இதே அளவுகோல்தான்.

பகிடிவதையையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். மூத்த மாணவர் சிலர் புதுமுக மாணவனைப் பிடித்துக் குடிக்க வைப்பதும், குடிக்கக் காசு கேட்பதும் நாடு முழுவதும் பேசப்படும் கதை. இதில் அகப்பட்ட புதியவனையும் "மது அருந்தினான்" என்ற ஒரே பட்டியலிற் சேர்ப்பது அநீதி. அவனைக் கட்டாயப்படுத்தியவன் செய்தது பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கு இரண்டாண்டு வரை கடூழியச் சிறை உண்டு. கட்டாயப்படுத்தப்பட்டவன் சாட்சி; குற்றவாளியல்லன். இந்த வேறுபாடு விதியில் எழுதப்படாதவரை, எந்தப் புதுமுக மாணவனும் வாய் திறக்கமாட்டான். திறந்தால் முதலிற் போவது அவனுடைய படிப்பல்லவா?

இப்போது போதைப்பொருளைப் பற்றி. பாக்கு நீரிணையைத் தாண்டிப் படகுகளில் வரும் கஞ்சாவும், ஹெரோயினும், ஐஸ் எனப்படும் மெதம்பெற்றமினும் வடக்கு, கிழக்கில் இன்று கிராமத்துச் சந்திவரை வந்துவிட்டன. 2022ஆம் ஆண்டில் நச்சுப்பொருள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தைத் திருத்தி ஐஸ் வியாபாரத்துக்கும் மிகக் கடுந்தண்டனை விதித்தார்கள். 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பெயரிற் பொலிஸார் நாடெங்கும் வளைத்துப் பிடித்தார்கள். பல்லாயிரக்கணக்கானோர் கைதாயினர். போதை ஒழிந்ததா?

இது தமிழினத்தை அழிக்கத் திட்டமிட்டுப் பரப்பப்படும் சதி என்போர் உளர். சதியாயின் அதை ஆதாரத்தோடு நிறுவுவது அரசியல்வாதிகளினதும் சட்டத்தரணிகளினதும் வேலை. அது நிறுவப்படும் வரை நம் பல்கலைக் கழகங்கள் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. விதியை ஆக்கும் அதிகாரம் அவற்றின் கையிலேயே இருக்கின்றது.

ஆனால் "பிடித்து மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்புக" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவோரை நாம் நிறுத்திக் கேட்கவேண்டியிருக்கின்றது. எந்த மறுவாழ்வு? 2009க்குப் பின் நம் இளைஞர் ஆயிரமாயிரம் பேரை முகாம்களில் வைத்திருந்த புனர்வாழ்வுப் பணியகமே போதைக்கு அடிமையானோரையும் பொறுப்பேற்றது. பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காட்டில் 2022 ஜூனில் ஓர் இளைஞன் உயிரிழந்ததும், நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதும், படையினர் சிலர் கைதானதும் எல்லோரும் அறிந்த செய்தி. அப்பணியகத்துக்கென்று கொண்டுவந்த சட்டமூலம் முழுவதுமே அரசியலமைப்புக்கு முரணானது என்று அவ்வாண்டு ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருத்திய பின்னரே 2023 ஜனவரியில் அது நிறைவேறியது. தமிழ்த் தாய் ஒருத்திக்குப் 'புனர்வாழ்வு' என்ற சொல் எப்படி ஒலிக்கும் என்பதைக் கொழும்பிலிருந்து விதி எழுதுவோர் அறியமாட்டார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்து எழுதுவோர் அறிவார்களல்லவா?

போதைக்கு அடிமையாதல் ஒரு நோய். குடியில் நெடுநாள் ஊறியவனைத் திடீரென்று அறையில் அடைத்துக் குடியை நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தங் கலங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். இதைக் கவனிக்கவேண்டியவர் வைத்தியர், காவலாளியல்லர். யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்துக்குச் சொந்தமாக மருத்துவ பீடம் இருக்கின்றது. பக்கத்திற் போதனா வைத்தியசாலை இருக்கின்றது. தெல்லிப்பழையில் உளமருத்துவப் பிரிவு இருக்கின்றது. "என்னால் விடமுடியவில்லை, உதவுங்கள்" என்று தானாக வரும் மாணவன்மீதும் ஊழியன்மீதும் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கப்படமாட்டாது, அவன் சொன்னது வைத்தியரைத் தாண்டிப் போகாது என்ற உறுதி விதியில் வேண்டும். அந்த உறுதி இல்லாத இடத்தில் நோயாளி ஒளிந்துகொள்வான். ஒளிந்தவனைத் தேடி வருபவன் போதை வியாபாரி மட்டுமே. படிப்பை இழந்து ஊருக்குத் திரும்பும் இருபத்திரண்டு வயதுப் பையனுக்குத் தோட்டத்தில் என்ன காத்திருக்கின்றது என்பதை நம் விவசாயப் பெருமக்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. விற்பவன் நிலை வேறு. மாணவனாயினும் ஊழியனாயினும், சக மாணவருக்கு விற்றவன் நேரே நீதிமன்றத்துக்குப் போகட்டும்.

சோதனை முறைகளைப் பற்றியும் ஒரு சொல். சிறுநீரைச் சோதித்துவிட்டால் உண்மை வெளிவந்துவிடும் என்று நினைக்கின்றார்கள். கஞ்சாவை வழக்கமாகப் புகைத்தவனிடம் அதன் அடையாளம் வாரக்கணக்கிற் காட்டும். அன்று அவன் மயக்கத்திலிருந்தான் என்பதற்கு அது சான்றன்று. கொடெயின் கலந்த இருமல் மருந்து குடித்தவனும் முதற் சோதனையில் அபின் உட்கொண்டவன்போலத் தோன்றக்கூடும். இரண்டாவது, நுட்பமான சோதனை இல்லாமல் ஒருவனுடைய வாழ்க்கையைத் தீர்மானிப்பது அறிவுக்கூடத்துக்கு அழகன்று. குற்றச்சாட்டைத் தமிழில் எழுதிக் கொடுத்தல், பதில் சொல்லத் தவணை கொடுத்தல், சாட்சியைக் கேள்வி கேட்க விடுதல் ஆகிய இயற்கை நீதியை மறுத்த தீர்ப்பு நீதிமன்றப் படியேறினால் நிற்காது. அடிப்படை உரிமை வழக்கை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்திற் பதிய வேண்டும் என்பதையும் பெற்றோர் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

நம் சமுதாயத்தின் இரட்டை நாக்கையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. திருவிதாங்கூருக்குப் புகையிலை அனுப்பி வீடு கட்டியவர்கள் நாம். 1927இற் காந்தியடிகள் மாணவர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று யாழ்ப்பாணம் வந்தபோது மதுவிலக்கைக் கேட்டுக் கைதட்டியவர்களும் நாம். மதுவிலக்குப் பேசிய பெரியோர் சிலர் பனையேறிக் கள்ளிறக்கும் தொழிலாளியை இழித்தும் பேசினார்கள்; தம் வீட்டு அலுமாரியில் இருந்த சீமைச் சரக்கைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பழைய நோயே இன்று பல்கலைக் கழகத்தில் வேறு உருவில் நிற்கின்றது. விடுதி மாணவனின் போத்தல் ஒழுக்கக்கேடு. விருந்தினர் மண்டபத்துப் போத்தல் உபசாரம்!

சட்டப்படி ஒவ்வொரு பல்கலைக் கழகப் பேரவையிலும், உள்ளிருந்து வரும் உறுப்பினரைவிட மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியார் ஒருவர் கூடுதல். அவ்வெளியார் யார்? வைத்தியர், சட்டத்தரணி, பொறியியலாளர், ஓய்வுபெற்ற நிர்வாகிகள். இவ்வேட்டைப் படிக்கும் உத்தியோக அன்பர்களிற் சிலர் அவ்வாசனங்களிலே அமர்ந்திருக்கின்றீர்கள். வேறு பலர் அமர்ந்தோரை நன்கறிவீர்கள். அடுத்த கூட்டத்திற் கேளுங்கள்: சென்ற ஐந்தாண்டுகளில் மது, போதை தொடர்பாக வகுப்புத்தடை பெற்ற மாணவர் எத்தனை பேர்? விசாரிக்கப்பட்ட விரிவுரையாளர் எத்தனை பேர்? வைத்தியரிடம் அனுப்பப்பட்டோர் எத்தனை பேர்? மது விற்ற கடைகளைப் பற்றி மதுவரித் திணைக்களத்துக்கு எழுதிய கடிதங்கள் எத்தனை? பதிலை எழுத்திற் கேளுங்கள். கூட்டக் குறிப்பிற் பதியச் செய்யுங்கள். ஆசிரியர்மீது வரும் முறைப்பாட்டைப் பீடாதிபதி வழியாகவன்றி வெளியுறுப்பினர் ஒருவரே நேரே பெற்றுக்கொள்ளவேண்டும் என்ற பிரேரணையையும் அன்றே கொண்டுவாருங்கள்.